ஐந்து வருஷம் பூட்டிக் கிடந்த பள்ளிகள்

எங்கள் அப்பா 1949ல் இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைக்காமல், ஒரு டிரங்குப் பெட்டியோடு கும்பகோணத்திலிருந்து நாக்பூருக்கு ரயில் ஏறியவர். மில் ஒன்றில் கணக்கு எழுதியே ரிடயர் ஆனார். 'வகுப்புவாரி ஜி.ஓ.' என்பது எங்கள் வீட்டில் ரசம் சாதம் மாதிரி தினப்படி புழங்கிய வார்த்தை. நம் சங்கத்து அன்பர்களில் பாதிப் பேர் வீட்டிலாவது இப்படி ஒரு அப்பாவோ தாத்தாவோ இருந்திருப்பார். விவரிக்க வேண்டியதில்லை.

ஆகவே 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட், காலேஜ் அட்மிஷனில் இனத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்ப்பளித்ததும் வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்மண்ட் நகரில் இருக்கும் என் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். "உன் பிள்ளைக்கு இனிமே கவலை இல்லை" என்றேன். "சரிப்பா" என்றாள். அதற்குமேல் பேசவில்லை. அந்த 'சரிப்பா' எனக்கு என்னவோ போல் இருந்தது.

2025 அக்டோபரில் நானும் என் அகத்துக்காரியும் அங்கே போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை காலை, "அப்பா, உன்னை ஒரு இடத்துக்கு அழைச்சுண்டு போறேன், வா" என்றாள். ஏதோ கோவிலாக்கும் என்று வேஷ்டி கட்டிக்கொண்டு கிளம்பினேன். மேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் காரில் போனோம். பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, ஃபார்ம்வில் என்ற சின்ன ஊர். கவுண்டி என்றால் நம் ஜில்லா மாதிரி, ஆனால் இன்னும் சிறியது. முச்சந்தியில் செங்கல் கட்டடமாக ஒரு பழைய பள்ளிக்கூடம். இப்போது அது ராபர்ட் ரூஸா மோட்டன் மியூசியம். அன்று அங்கே பார்த்ததும் கேட்டதும், ஊர் திரும்பியபின் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

அந்தக் கட்டடம் 1939ல் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று 180 பேருக்காகக் கட்டப்பட்டது. 1951ல் அங்கே படித்தவர்கள் 450 பேருக்கு மேல். புதுக் கட்டடம் கேட்டபோது, பள்ளிக்கூடப் போர்டு மரச் சட்டம் அடித்துத் தார் பேப்பர் ஒட்டிய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தது. ஊரார் அதைக் கோழிக் கூண்டு என்று கேலி பேசினார்கள். மழை பெய்தால் உள்ளே ஒழுகும். குளிர் காலத்தில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு வேர்க்கும், ஜன்னல் பக்கத்தில் இருப்பவன் கோட்டைக் கழற்ற மாட்டான். லாபரட்டரி இல்லை, சாப்பிடக் கூடம் இல்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகளின் ஹைஸ்கூலில் இவை உண்டு. 'தனித்தனி, ஆனால் சமம்' என்று சுப்ரீம் கோர்ட் 1896ல் சொல்லிவைத்த சமத்துவத்தின் லட்சணம் இது.

1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் ஒரு காரியம் செய்தாள். பஸ் ஸ்டாண்டில் நம் பள்ளிப் பிள்ளைகள் ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று போன் வரும்படி ஏற்பாடு செய்து பிரின்சிபாலை வெளியே அனுப்பியாயிற்று. அவர் எழுதின மாதிரியே சீட்டு எழுதி எல்லா வகுப்புகளையும் ஹாலுக்கு வரவழைத்தாயிற்று. மேடைத் திரை விலகினால் அங்கே நிற்பது பிரின்சிபால் இல்லை, இந்தப் பெண். வாத்தியார்களை வெளியே போகச் சொன்னாள். சத்தம் அடங்காதபோது காலில் இருந்த ஷூவைக் கழற்றிப் பலகையில் தட்டினாள். 450 பேரும் அவள் பின்னால் வெளியேறினார்கள். வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நடந்தது.

முதலில் அவர்கள் கேட்டது நல்ல கட்டடம் ஒன்றைத்தான். ரிச்மண்டிலிருந்து வந்த ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற இரு வக்கீல்கள்தாம், தனிப் பள்ளி என்பதையே எதிர்த்து வழக்குப் போடுவதானால் மட்டுமே நாங்கள் வருவோம் என்றார்கள். பெற்றோர்கள் சம்மதித்தார்கள். மே 23 அன்று 117 பிள்ளைகள் பெயரில் வழக்குப் பதிவாயிற்று. பிரவுன் வழக்கு என்று உலகம் அறிந்தது உண்மையில் ஐந்து வழக்குகளின் சேர்க்கை. அதில் ஒன்று இது. 1954 மே 17 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, பள்ளிகளில் இனவாரிப் பிரிவினை செல்லாது என்றார்கள். இதற்குள் பார்பராவை அவள் பத்திரம் கருதி அலபாமாவில் இருந்த அவள் அப்பாவின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரின்சிபாலின் வேலை போயிற்று.

பள்ளிக்கூடப் பாடம் இங்கே நின்றுவிடும். தீர்ப்பு வந்தது, நீதி வென்றது, சுபம். எனக்கும் இவ்வளவுதான் தெரியும். பெரிய கதை இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

எதிர்ப்பு என்றதும் என் மனசில் வந்தது வெள்ளைத் துணி முகமூடியும் எரியும் சிலுவையும்தான். அதுவும் நடந்தது, வேறு இடங்களில். 1957ல் அர்கன்சாஸ் மாநிலம் லிட்டில் ராக் ஊரில் ஒன்பது பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுபோய் விட ராணுவம் வரவேண்டியிருந்தது. வர்ஜீனியா அப்படிப்பட்ட ஊர் இல்லை. மரியாதைப்பட்ட ஊர். பழைய குடும்பங்கள், ஞாயிறு தவறாத சர்ச், சட்டப் படிப்பு, மெல்லிய குரல். அந்த மாநிலத்து அரசியலைத் தன் கைக்குள் வைத்திருந்த செனட்டர் ஹாரி பேர்ட், 1956ல் 'பெருந்திரள் எதிர்ப்பு' என்று அறைகூவல் விட்டார். கறுப்புப் பிள்ளையை வெள்ளைப் பள்ளியில் சேர்த்தால் அந்தப் பள்ளியையே இழுத்து மூடலாம் என்று மாநிலச் சட்டசபை சட்டம் செய்தது. 1958 செப்டம்பரில் மூன்று ஊர்களில் பள்ளிகளை நிஜமாகவே மூடினார்கள். நார்ஃபோக்கில் மட்டும் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் தெருவில் நின்றார்கள், பெரும்பாலும் வெள்ளைக்காரக் குழந்தைகள். 1959 ஜனவரி 19 அன்று மாநில நீதிமன்றம், மத்திய நீதிமன்றம் இரண்டும் ஒரே நாளில் அந்தச் சட்டங்களை அடித்துத் தள்ளின.

எல்லா ஊரும் இறங்கி வந்தது. பிரின்ஸ் எட்வர்ட் வரவில்லை. அங்கே நடந்தது கலகமில்லை, கல்லெறி இல்லை. ஒரு பட்ஜெட் கூட்டம். 1959 ஜூனில் கவுண்டியின் நிர்வாகக் குழு கூடி, இந்த ஆண்டு பள்ளிகளுக்கென்று வரி விதிப்பதில்லை, பணமும் ஒதுக்குவதில்லை என்று முடிவு செய்தது. பிரித்துப் படிக்க வைப்பதுதானே தப்பு? படிக்க வைக்கவே போவதில்லை. கவுண்டியின் பொதுப் பள்ளிகள் அத்தனைக்கும் பூட்டு விழுந்தது.

வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஏற்பாடு தயாராக இருந்தது. பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி என்று தனியார் பள்ளி. சர்ச்சுகளிலும் சங்கக் கட்டடங்களிலும் சுமார் 1,500 பேருக்கு வகுப்பு நடந்தது. முதல் வருஷம் நன்கொடையில் ஓடிற்று. அப்புறம் சம்பளம் வாங்கினார்கள். அதற்கு மாநிலத்தின் மானியமும் கவுண்டியின் வரிச் சலுகையும் வந்தன. அதாவது பொதுப்பணம் பின்வாசல் வழியாகத் தனிப் பள்ளிக்குப் போயிற்று. 1961ல் கோர்ட் அதைத் தடுத்ததும், சம்பளம் கட்ட முடியாத ஏழை வெள்ளைக்காரர்கள் சிலருடைய பிள்ளைகளும் வீட்டில் உட்கார்ந்தார்கள். கொள்கை காப்பாற்றப்பட்டது.

கறுப்பினப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,700 பேர். உங்களுக்கும் ஒரு தனியார் பள்ளி நடத்தித் தருகிறோம் என்று ஒரு யோசனை வந்தது. வழக்கைக் கைவிட்டதாகிவிடும் என்று பெற்றோர்கள் மறுத்தார்கள். இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். என் குழந்தை விஷயத்தில் எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டேன். வந்திருக்காது என்றுதான் தோன்றியது. பாதிரியார் கிரிஃபின் என்பவர் தலைமையில் சர்ச் அடித்தளங்களில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சில பிள்ளைகளை வெளிமாநிலக் குடும்பங்களில் தங்க வைத்துப் படிக்க வைத்தார்கள். மற்றவர்கள் புகையிலை வயலுக்குப் போனார்கள்.

இப்படி ஐந்து வருஷம். 1963ல் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி ஒரு பேச்சில், உலகத்தில் இலவசப் பொதுக்கல்வி இல்லாத இடங்கள் என்று கம்யூனிஸ்ட் சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் என்று அடுக்கி, கடைசியில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி என்று முடித்தார். அந்த வருஷமே நன்கொடையில் ஓர் இலவசப் பள்ளி திறந்தது. 1964 மே 25 அன்று, தேவையானால் வரி போடச் சொல்லி உத்தரவிடக்கூட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று சுப்ரீம் கோர்ட் சொன்னபிறகுதான் பொதுப் பள்ளிகள் திறந்தன. வந்தவர்கள் அநேகமாக அத்தனை பேரும் கறுப்புக் குழந்தைகள். அகாடமி 1986 வரை ஒரு கறுப்புப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவர்கள் என்ன வாதம் சொன்னார்கள் என்பதைத்தான் நான் அதிகம் தேடிப் படித்தேன். வெறுப்பு என்று ஒரு வார்த்தை வராது. எதிர்ப்புக்கென்று 1954ல் வைத்த சங்கத்தின் பெயரே 'மாநில இறையாண்மை மற்றும் தனிமனித சுதந்திரப் பாதுகாவலர்கள்'. பெற்றோரின் உரிமை, வரி கட்டுகிறவனின் உரிமை, தரம், உள்ளூர்க்காரன் தீர்மானிக்கட்டும் என்ற நியாயம். எல்லாமே நல்ல வார்த்தைகள். அதே வர்ஜீனியாவில் நியூ கென்ட் என்ற கவுண்டி, 'தேர்ந்தெடுக்கும் சுதந்திரம்' என்று ஒரு திட்டம் போட்டது. எந்தப் பிள்ளையும் எந்தப் பள்ளிக்கும் போகலாம். மூன்று வருஷத்தில் ஒரு வெள்ளைப் பிள்ளைகூடக் கறுப்புப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கவில்லை. இது போதாது என்று 1968ல் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது.

டான்வில் ஊர்க் கதை இன்னும் வேடிக்கை. 1960ல் கோர்ட் சொன்னதால் பொது நூலகத்தை எல்லாருக்கும் திறந்தார்கள். திறப்பதற்கு முன் நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். எல்லாரும் வரலாம், சேர்ந்து உட்காரக் கூடாது. அலபாமாவில் மாண்ட்கமரி நகரம் 1959ல் பார்க்குகளையே மூடிற்று. நீச்சல் குளத்தை மண் போட்டுத் தூர்த்தது. மிருகக்காட்சிசாலையின் மிருகங்களை விற்றது. வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கும்தான் அந்தக் குளம் இல்லாமல் போயிற்று.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. பள்ளிகளை ஒன்றாக்கியபோது கறுப்புப் பள்ளிகளை மூடி, அங்கிருந்த வாத்தியார்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரவுன் தீர்ப்புக்குப் பின் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் 17 மாநிலங்களில் வேலை இழந்த கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் ஏறத்தாழ 38,000 பேர்.

'பன்மைத்துவம்' என்று இன்று அடிபடுகிற சொல்லின் பூர்வோத்தரமும் ரிச்மண்டுக்கே வருகிறது. எதிர்ப்பு நடந்த காலத்தில் ரிச்மண்ட் பள்ளிக்கூடப் போர்டுக்குத் தலைவராக இருந்தவர் லூயிஸ் பவல் என்ற வக்கீல். பிற்பாடு சுப்ரீம் கோர்ட் நீதிபதியானார். 1978ல் கலிஃபோர்னியா மருத்துவக் கல்லூரி ஒன்றில் 100 இடத்தில் 16 ஒதுக்கீடு என்பதை எதிர்த்து ஆலன் பக்கி போட்ட வழக்கில் நாலுக்கு நாலு என்று பிரிந்திருந்த நீதிபதிகளுக்கு நடுவில் நின்றவர் அவர். ஒதுக்கீடு கூடாது, ஆனால் வகுப்பில் பலதரப்பட்டவர்கள் இருப்பது கல்விக்கு நல்லது, அதற்காக இனத்தையும் ஓர் அம்சமாகப் பார்க்கலாம் என்றார். இழைத்த அநியாயத்துக்குப் பரிகாரம் என்ற பேச்சு போய், எல்லாருக்கும் நல்லது என்ற பேச்சு வந்தது. பரிகாரம் என்றால் யாரோ தப்புச் செய்ததாக ஆகிவிடுகிறதல்லவா? அந்த மெல்லிய தூணின் மேல் 45 வருஷம் ஓடிற்று. 2023ல் தூணை எடுத்துவிட்டார்கள். ஹார்வர்டுக்கு எதிரான அந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர்களாக முன்னால் நிறுத்தப்பட்டவர்கள் ஆசிய வம்சாவளி மாணவர்கள். நம் குழந்தைகளும் அதில் அடக்கம்.

இனி நம் சமாசாரத்துக்கு வருகிறேன். 1946க்கு முன் பல வருஷம் இந்தியர்கள் அமெரிக்காவில் குடியேறவே முடியாமல் இருந்தது. அதற்கப்புறம் வருஷத்துக்கு 100 பேர் என்று கோட்டா. பிறந்த நாட்டை வைத்து ஒதுக்கும் அந்த முறையை ஒழித்த குடியேற்றச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டது 1965 அக்டோபர் 3. சிவில் உரிமைச் சட்டம் 1964, வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட். அதே அலையில் வந்ததுதான் இதுவும். செனட்டில் இதை எதிர்த்து வாக்களித்த 18 பேரில் பெரும்பாலோர் தெற்கு மாநிலத்தவர்கள். அக்டோபர் 3க்கு ஒன்பது நாள் முன்பு, செப்டம்பர் 24 அன்று, அதே ஜான்சன் இன்னோர் உத்தரவில் கையெழுத்திட்டார். அரசாங்க கான்டிராக்ட் வாங்கும் கம்பெனிகள் பாகுபாடு காட்டக் கூடாது, ஒதுக்கப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ள முயற்சி எடுக்க வேண்டும் என்ற 11246ஆம் எண் உத்தரவு.

முதல் கையெழுத்தில் நம்மவர்கள் டாக்டராகவும் இன்ஜினியராகவும் போய் இறங்கினார்கள். இரண்டாவதிலும் பங்கு கேட்டார்கள். ஆம், 1982ல் அமெரிக்கச் சிறுதொழில் நிர்வாகம், பின்தங்கியவர்களுக்கான கான்டிராக்ட் சலுகைப் பட்டியலில் இந்தியர்களையும் சேர்த்தது. மனுப் போட்டுக் கேட்டு வாங்கியது அங்கிருந்த இந்தியச் சங்கம்தான். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்!

2025 ஜனவரியில் ஜனாதிபதி டிரம்ப் அந்த 11246ஐ ரத்து செய்தார். பன்மைத்துவத் திட்டங்கள் அரசாங்க அலுவலகங்களில் மூடப்பட்டன. என் மாப்பிள்ளையின் நண்பர்கள் சிலர், இனிமேல் தகுதிக்குத்தான் மதிப்பு என்று சந்தோஷப்பட்டார்களாம். செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. நான் அங்கே போனபோது அவர்கள் பேச்சில் தகுதி அவ்வளவாக அடிபடவில்லை.

அன்பர்கள் கேட்கலாம்: நம் அப்பாக்களுக்கு நடந்தது மட்டும் அநியாயம் இல்லையா? கேட்க வேண்டிய கேள்விதான். மெட்ராஸ் ஜி.ஓ.வை நம் சுப்ரீம் கோர்ட் சம்பகம் துரைராஜன் வழக்கில் ரத்து செய்தது 1951 ஏப்ரல் 9. சரியாகப் பதினாலு நாள் கழித்து அங்கே பார்பரா ஷூவைக் கழற்றினாள். இங்கே ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து ஒதுக்கீட்டுக்கு வழி செய்தது. இரண்டு கதையும் ஒன்றல்ல. மார்க் வாங்கிய ஒரு பையனுக்கு இடமில்லை என்பது வலிதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா ஸ்கூல் படிப்பும் இன்டர்மீடியட்டும் முடித்து, அத்திம்பேரின் விலாசத்தைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். அப்பா படித்த பள்ளிக்கூடத்தில் அவரோடு ஊர்க்கோடிச் சேரியிலிருந்து எத்தனை பேர் படித்தார்கள் என்று நான் ஒரு தடவைகூட அவரைக் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

2003ல் வர்ஜீனியா சட்டசபை பள்ளிகளை மூடியதற்கு வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. மறு வருஷம், படிப்பை இழந்தவர்களுக்கென்று உதவித்தொகை ஏற்படுத்தினார்கள். அதை வாங்கிப் படிக்க வந்தவர்களுக்கு வயது ஐம்பது, அறுபது. பார்பரா ஜான்ஸ் நூலகராக வேலை பார்த்து 1991லேயே காலமானார். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற தளபதி ராபர்ட் லீயின் சிலையை 2020 டிசம்பரில் அகற்றினார்கள். அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்களுக்காகப் போரிட்டவர் அவர். நான் நாக்பூர் திரும்பியபின், 2025 டிசம்பரில், அவருக்குப் பதிலாகப் பார்பராவின் சிலையைத் திறந்தார்கள் என்று பெண் படம் அனுப்பினாள். மற்ற திட்டங்களையெல்லாம் மூடிக்கொண்டிருந்த அதே வருஷத்தில்!

மியூசியத்தில் எங்களுக்குச் சுற்றிக் காட்டிய அம்மாள் எழுபது தாண்டியவர். 1959ல் அவருக்கு ஏழு வயது. புதுப் பாவாடை தைத்து வைத்துவிட்டுப் பள்ளி திறக்கக் காத்திருந்தாராம். மறுபடி வகுப்பில் உட்கார்ந்தபோது பதினொன்று. பெரிய அண்ணன் திரும்பி வரவேயில்லை, மர மில்லில் சேர்ந்துவிட்டான். என் வேஷ்டியைப் பார்த்து எந்த ஊர் என்று விசாரித்தார். பெண் எந்த வருஷம் அமெரிக்கா வந்தாள் என்றார். 1998 என்றேன். "ஆமாம், அறுபத்தைந்துக்கு அப்புறம்தானே" என்று தலையாட்டினார். அதில் குத்தல் எதுவும் இல்லை, சும்மா தேதியைச் சரிபார்த்தார்.

பள்ளியை மூடியவர்கள் மேல் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். பெண் என் கையைத் தொட்டாள், கேட்காதே என்கிற மாதிரி. அந்த அம்மாள் யோசித்துவிட்டுச் சொன்னார். அவர்கள் தெருமுனை மருந்துக் கடைக்காரர் அகாடமிக்கு மாதாமாதம் பணம் கொடுத்தவர். அது ஊருக்கே தெரியும். ரொம்ப நல்ல மனுஷர். இவருடைய அம்மா மருந்து வாங்கப் போனால் ஒரு நாளும் "குட் மார்னிங்" சொல்லத் தவற மாட்டார். பிள்ளைகளெல்லாம் சௌக்கியமா என்று கேட்பார். அம்மாவும் சௌக்கியம் என்று சொல்லிவிட்டு வருவாள். ஐந்து வருஷமும் கேட்டார், ஐந்து வருஷமும் சொன்னாள்.